காரியவட்டத்துப் புல்தரை

விடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஆள் ஒதுங்க இடம் இருக்காது. தோவாளையிலிருந்து வந்த பூ கூடைகூடையாய் இறங்கிக்கொண்டிருக்கும். நாகர்கோவில் பக்கத்து வாழைத்தாரும் காய்கறி மூட்டையும் லாரியிலிருந்து தலைக்கு மாறும். நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளர்கள் வழிவிடச் சொல்லிக் குரல் கொடுத்தபடியே போவார்கள். கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து புழங்கும். விலை கேட்பது ஒரு மொழியில், பேரம் மற்றொன்றில்.

இந்தச் சந்தையை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்படுத்தியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். இன்று ஊரின் வடக்கே கேசவதாசபுரம் என்ற சந்திப்பும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சாலையைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் ஆ. மாதவன். இதே தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே இதன் மனிதர்களை எழுதியவர். ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்காக 2015-ன் சாகித்திய அகாதெமி விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது அந்த ஆண்டு டிசம்பரில். அதே டிசம்பரில், சாலைக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக வளாக நிலத்தில் எழுந்திருந்த புத்தம்புதிய ஸ்டேடியத்தில் தெற்காசியக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இந்தியா, இலங்கை, நேபாளம், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் என்று அணிகள் வந்து இறங்கியிருந்தன. வளாகத்துக்குள் ஒரு கால்பந்து ஸ்டேடியம் என்ற திட்டம் நிறைவேறிவிட்டதாகவே ஊர் நம்பிய நாட்கள் அவை.

அந்த ஸ்டேடியத்துக்குப் போகச் சாலையிலிருந்து கிளம்புகிறவர் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டும். கழக்கூட்டம் வண்டி என்று கேட்டால் போதும், காட்டிவிடுவார்கள். பழவங்காடிப் பிள்ளையாரைக் கடந்து, ஓவர்பிரிட்ஜ் ஏறி, தலைமைச் செயலகத்தின் வெள்ளைத் தூண்களைத் தாண்டி வண்டி பாளையத்துக்கு வரும். கால்பந்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் இங்கே ஒருமுறை இறங்கிக்கொள்வது நல்லது. இந்த ஊரின் ஆட்டக் கதை பாளையத்தில்தான் கிடக்கிறது.

பாளையத்தில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தின் அக்கம்பக்கத்தில் இரண்டு மைதானங்கள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி ஸ்டேடியம். இன்னொன்று போலீஸுக்குச் சொந்தமான சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். தலைமைச் செயலகத்தை ஒட்டி சென்ட்ரல் ஸ்டேடியம் வேறு. கடைவீதிக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் இத்தனை மைதானங்களை வைத்திருக்கும் நகரங்கள் தென்னிந்தியாவில் குறைவு. வேலை விட்டுப் போகிற குமாஸ்தாவும் டியூஷனுக்குப் போகிற பையனும் கால் மணி நேரம் நின்று பந்து பார்த்துவிட்டுப் போக முடிந்த ஊர் இது. திருவனந்தபுரத்தின் கால்பந்து அப்படித்தான் வளர்ந்தது. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர், திருவிதாங்கூர் டைட்டானியம், ஏஜீஸ் ஆபீஸ் என்று அலுவலகங்களே அணி வைத்திருந்தன. பந்து நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு அரசு வேலையோ வங்கி வேலையோ கிடைத்தது. மாலையில் பயிற்சி, காலையில் கையெழுத்து.

அந்த வரிசையில் கேரள போலீஸ் அணி தனியாக நிற்கிறது. ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ என்று ஒரே அணியில் அத்தனை பேர். கல்கத்தா, கோவா கிளப்புகள் கோலோச்சிய காலத்தில் 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையைத் தூக்கினார்கள். 1992-ல் கோயம்புத்தூரில் கேரளம் மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியை வென்றபோது தலைவர் சத்யன். அவரைத் தமிழ்நாட்டுக்காரர்களும் உரிமையோடு நினைத்துக்கொள்ளலாம். பின்னாளில் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் இருந்தார், 2006-ல் சென்னையிலேயே மறைந்தார்.

யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் கிரிக்கெட்டும் நடந்திருக்கிறது. 1984 அக்டோபரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆட வந்த ஒருநாள் போட்டியை மழை தின்றுவிட்டது. 1988 ஜனவரி 25 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நம் சென்னை ஸ்ரீகாந்த் 101 ரன் எடுத்தார். பதிலுக்கு ஃபில் சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104 எடுத்து, ஒன்பது விக்கெட்டில் தோற்கடித்துவிட்டுப் போனார். அதன்பின் இருபத்தொன்பது ஆண்டுகள் இந்த ஊர்ப் பக்கம் சர்வதேசக் கிரிக்கெட் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஏக்கம் ஊருக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் காரியவட்டத்தில் பிறகு நடந்தது புரியும்.

பாளையத்திலிருந்து மறுபடி வண்டி. பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம். கடைகள் மெலிந்து மரங்கள் பெருகும் இடத்தில் காரியவட்டம் வரும். இடப்பக்கமும் வலப்பக்கமும் பல்கலைக்கழகத்தின் நிலம். மத்திய அரசின் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் இங்கேதான், 1985-லிருந்து இயங்குகிறது. இன்னும் சற்றுத் தூரம் போனால் கழக்கூட்டம், டெக்னோபார்க். நெடுஞ்சாலையிலிருந்து பார்க்கும்போதே ஸ்டேடியத்தின் பெரிய வட்டம் தெரிந்துவிடும்.

திட்டம் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டியோடு வந்தது. கேரளம் அதற்கு முன் 1987-ல் தேசிய விளையாட்டை நடத்தியிருந்தது. மறுபடி நடத்தும் வாய்ப்பு வந்தபோது தலைநகரில் பெரிய ஸ்டேடியம் ஒன்றுகூட இல்லை. நகருக்குள் நிலம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்திடம் இருந்தது. வளாகத்தில் 36 ஏக்கரைப் பதினைந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். தனியார் நிறுவனம் ஒன்று வடிவமைத்து, கட்டி, குறித்த காலம் நடத்தி, பிறகு ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நெடுஞ்சாலைகளுக்கு அப்போது வழக்கமாகியிருந்த முறை அது. திறந்தவெளி ஸ்டேடியம் ஒன்றை இந்தியாவில் இப்படிக் கட்டியது இதுதான் முதல்முறை என்று பெருமையாகச் சொன்னார்கள். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் கேலரி, கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பொதுவான தரை, கூடவே மாநாட்டு மண்டபம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கடைகள். ஆட்டம் இல்லாத நாளிலும் இடம் சம்பாதிக்க வேண்டும் என்பது கணக்கு. 2015 ஜனவரி 31 அன்று தேசிய விளையாட்டின் தொடக்க விழா இங்கே நடந்தது. பி.டி. உஷாவும் அஞ்சு பாபி ஜார்ஜும் சுடர் ஏற்றினார்கள்.

அந்த ஆண்டுக் கடைசியில் வந்த தெற்காசியப் போட்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். முழுப் போட்டியும் இந்த ஒரே ஸ்டேடியத்தில். பாகிஸ்தான் விலகிவிட்டதால் இந்தியாவின் பிரிவில் இலங்கையும் நேபாளமும் மட்டும். கிறிஸ்துமஸ் அன்று இலங்கையை 2-0 என்று வென்றார்கள். நேபாளத்துக்கு எதிராக, மிசோரத்திலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன் சாங்தே இரண்டு கோல் போட்டான். அரையிறுதியில் மாலத்தீவு, 3-2. இறுதி ஆட்டம் 2016 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. எதிரே நடப்பு சாம்பியன் ஆப்கானிஸ்தான், 2013 இறுதியில் இந்தியாவைத் தோற்கடித்த அணி. எழுபதாவது நிமிடத்தில் அமீரி கோல் அடிக்க, ஆப்கானிஸ்தான் முந்தியது. இரண்டே நிமிடத்தில் ஜேஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 101-ஆவது நிமிடம், சுனில் சேத்ரி. இந்தியாவின் ஏழாவது தெற்காசியக் கோப்பை காரியவட்டத்தில் கிடைத்தது.

வளாக ஸ்டேடியம் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களே சாட்சி. பூந்துறை, விழிஞ்ஞம், வெட்டுகாடு என்று கடற்கரை ஊர்களின் பையன்கள் தேசிய அணியைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தார்கள். விடுதி மாணவன் வாசலைத் தாண்டினால் மைதானம். தேசிய அணியின் இறுதி ஆட்டத்துக்கு நடந்தே போக முடியும் என்பது இந்தியப் பல்கலைக்கழக மாணவர் யாருக்கும் எளிதில் வாய்க்காத பாக்கியம்.

அந்த உயரத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் அதன்பின் காரியவட்டத்துக்கு வரவில்லை.

வந்தது கிரிக்கெட். 2017 நவம்பர் 7 அன்று நியூசிலாந்துடன் இருபது ஓவர் ஆட்டம். மழையால் எட்டு ஓவராகச் சுருங்கியது. இந்தியா 67 எடுத்து, 61-ல் நியூசிலாந்தைக் கட்டுப்படுத்தி ஆறு ரன்னில் வென்றது. எட்டு ஓவர் ஆட்டத்துக்காக மணிக்கணக்கில் ஊர் மழையில் காத்திருந்தது. இருபத்தொன்பது வருட ஏக்கம் அப்படி. ஊர் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால்பந்து தோற்றதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் முக்கியமான திருப்பம் நடந்தது கொச்சியில்.

2018-ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவுக்கு வருவதாக இருந்தது. கேரளத்துக்கு ஒரு ஒருநாள் போட்டி ஒதுக்கப்பட்டது. அதைக் கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் நடத்தலாம் என்று பேச்சு எழுந்தது. அங்கே 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் பெரும் செலவில் புதிய புல்தரை போட்டிருந்தார்கள், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் சொந்த மைதானமும் அதுதான். கிரிக்கெட் என்றால் நடுவில் தோண்டிக் களிமண் ஆடுகளம் அமைக்க வேண்டும். கால்பந்து ரசிகர்கள் கொதித்தார்கள். சுனில் சேத்ரி, சி.கே. வினீத், இயன் ஹ்யூம் எனப் பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். சச்சின் டெண்டுல்கரே புல்தரையைக் காப்பாற்றச் சொன்னார். கடைசியில் ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 2018 நவம்பர் 1, கேரளம் பிறந்த நாள். மேற்கிந்தியத் தீவுகள் 104-ல் சுருண்டது, இந்தியா ஒன்பது விக்கெட்டில் வென்றது. கொச்சியின் கால்பந்துத் தரை பிழைத்தது. அதற்கான விலையைக் காரியவட்டத்தின் கால்பந்து கொடுத்தது. கொச்சிக்காக எழுந்த குரல்கள் எல்லாம் நியாயமானவை. காரியவட்டத்துக்காக அப்படி ஒரு குரல் எழவில்லை. கொச்சியின் தரைக்கு ஒரு கிளப் இருந்தது, வாராவாரம் வந்து உட்கார்ந்த மஞ்சள் சட்டைக் கூட்டம் இருந்தது. காரியவட்டத்தில் ஒரு கோப்பையின் நினைவு மட்டும்தான் இருந்தது.

இரண்டு ஆட்டமும் ஒரே தரையில் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதைக் கேலரியில் உட்கார்ந்தாலே தெரிந்துகொள்ளலாம். கால்பந்து மைதானம் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் கொண்ட செவ்வகம். கிரிக்கெட்டுக்கு வேண்டியது பெரிய வட்டம். வட்டத்துக்குக் கட்டிய கேலரியிலிருந்து செவ்வகத்தைப் பார்த்தால் பந்து எங்கோ தூரத்தில் ஓடுகிறது. வீரன் மூச்சு வாங்குவது தெரியாது, கோல்கீப்பர் கத்துவது கேட்காது. தரைக்கும் சிக்கல். கிரிக்கெட் ஆடுகளம் மாதக்கணக்கில் உருளை ஓட்டி இறுக்கிய களிமண். கால்பந்து பூட்ஸ் அதன்மேல் ஏறக் கூடாது. அதைப் பராமரிக்கிறவர் பந்துக்காரர்களை உள்ளே விடப் பயப்படுவார். இறுகிய அந்த நடுப்பகுதியில் வழுக்கி விழுந்து முட்டியைக் கிழித்துக்கொள்ள எந்தக் கால்பந்து வீரனும் விரும்ப மாட்டான். இருவருக்கும் பொது என்று வரைபடத்தில் எழுதிவிடலாம். நடைமுறையில் பணம் எந்தப் பக்கம் வருகிறதோ தரை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

அந்தப் பணமும் நிலைக்கவில்லை என்பதுதான் வேதனை. கட்டி நடத்திய நிறுவனத்தின் தாய் நிறுவனமான ஐ.எல்.எஃப்.எஸ். 2018-ல் கடனில் மூழ்கியது, நாடே பேசிய சரிவு அது. ஸ்டேடியத்தின் பராமரிப்பும் தள்ளாடியது. 2021 பிப்ரவரி இறுதியில் ராணுவ ஆள்சேர்ப்பு முகாம் இந்த மைதானத்தில் நடந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஓடினார்கள். வேலைக்காக ஓடியவர்கள் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. புல்தரை மட்டும் மாதக்கணக்கான உழைப்பை இழந்தது. பிறகு கிரிக்கெட் சங்கம் தரையைச் சீராக்கியது. 2022 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கா ஒன்பது ரன்னுக்கு ஐந்து விக்கெட்டை இழந்ததும், 2023 ஜனவரி 15 அன்று இலங்கையை 73-ல் சுருட்டி இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றதும் இங்கேதான். அதுவரை ஒருநாள் கிரிக்கெட்டில் அவ்வளவு பெரிய வெற்றி எவருக்கும் கிடைத்ததில்லை. விராட் கோலி அன்று 166 எடுத்து நின்றார். ஆனால் அந்தச் சாதனை நாளில் கேலரியின் பெரும்பகுதி காலி. டிக்கெட் விலையும் கேளிக்கை வரியும் பெரிய சர்ச்சையாகியிருந்தன.

ஸ்டேடியத்திலிருந்து வளாகத்தின் உட்பக்கம் நடந்தால் வேறோர் உலகம். கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் இங்கே இருக்கின்றன. பல்லாயிரம் ஓலைச்சுவடிகள், அவற்றில் தமிழும் உண்டு. தமிழ்த் துறையும் இந்த வளாகத்தில்தான். 1937-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1957-ல் கேரளப் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறிய நிறுவனம் இது. எஸ். வையாபுரிப் பிள்ளை 1950-களின் தொடக்கத்தில் இதன் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்களும் ஒருகாலத்தில் இதே பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குத்தான் படித்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் அந்தத் தொடர்பு அறுந்தது. ஆகவே இந்த வளாகத்தின் நிலத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ் வாசகர் யாரும் அடுத்த வீட்டு விவகாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை.

வளாகத்துக்குள் ஸ்டேடியம் என்ற எண்ணத்தை உலகத்தில் யாரைவிடவும் தீவிரமாகப் பிடித்துக்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஃபுட்பால் என்பது கையில் பந்தைப் பிடித்து ஓடும் வேறு விளையாட்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927-ல் திறந்த ஸ்டேடியத்தில் இன்று ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். மினசோட்டா பல்கலைக்கழகம் 1982-ல் தன் வளாக மைதானத்தை விட்டுவிட்டு நகர மையத்தில் கூரை போட்ட பொது ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்தது. மாணவர் கூட்டம் கரைந்தது, பழைய மாணவர்கள் ஊர் திரும்பிப் பார்க்கும் வழக்கம் மங்கியது. 2009-ல் மறுபடி வளாகத்துக்குள்ளேயே புது ஸ்டேடியம் கட்டி வந்து சேர்ந்தார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 1968 முதல் ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஆடிவந்தது. 2017-ல் சுமார் 22 கோடி டாலர் செலவில் வளாகத்துக்கு நடுவில் ஸ்டேடியம் திறந்தது. அந்தத் திட்டம் வந்தபோது ஊரில் பல ஆண்டுகள் சண்டை. படிப்புக்குச் செலவிட வேண்டிய பணம் ஆட்டத்துக்குப் போகிறது என்றார்கள், நெரிசலும் இரைச்சலும் தாங்காது என்றார்கள். கட்டி முடித்தபோது கேலரிக்கு அடியில் வகுப்பறைகளும் மாணவர் ஆலோசனை மையமும் பழைய மாணவர் மையமும் இருந்தன. ஆட்டம் இல்லாத நாட்களில் அங்கே பாடம் நடக்கிறது.

அங்கே பல்கலைக்கழகமே ஆட்டக்காரன், பல்கலைக்கழகமே வீட்டுக்காரன். காரியவட்டத்தில் பல்கலைக்கழகம் நிலத்தை மட்டும் கொடுத்தது. ஸ்டேடியத்தின் நாட்காட்டியில் அதற்கென்று ஒரு நாள்கூட எழுதிவைக்கப்படவில்லை என்ற உணர்வே அந்த வாசலில் நிற்கிறவருக்கு வரும். ஐம்பதாயிரம் இருக்கைகளுக்கு அருகிலேயே உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. நாளைய பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் அங்கேதான் தயாராகிறார்கள். அவர்கள் ஆடுவது தங்கள் கல்லூரியின் சொந்த மைதானங்களில். இந்தியாவிலேயே வேறு மாதிரி உதாரணமும் கண் முன்னால் இருக்கிறது. மலப்புறம் தேஞ்ஞிப்பாலத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் சி.எச். முகமது கோயா ஸ்டேடியம், ஆடம்பரம் இல்லாத வளாக மைதானம். அங்கிருந்து கிளம்பிய பல்கலைக்கழக அணிகள் அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்தில் திரும்பத் திரும்பக் கோப்பை வென்றிருக்கின்றன. கேலரியின் அளவை வைத்துப் பார்த்தால் காரியவட்டத்தின் பக்கத்தில் நிற்க முடியாது. மாணவனின் கால் பட்ட நேரத்தை எண்ணினால் காரியவட்டம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

திருவனந்தபுரத்தில் இன்னொரு கல்லூரி மைதானத்தின் கதையும் இதே திசையில் போயிருக்கிறது. தும்பா கடற்கரையில், 1963-ல் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பிய இடத்துக்கு அருகில், செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி வளாகத்தில் கிரிக்கெட் சங்கம் மைதானம் அமைத்திருக்கிறது. ரஞ்சி ஆட்டங்கள் நடக்கின்றன. நல்ல மைதானம், நல்ல பராமரிப்பு. சுற்றியிருக்கும் மீனவ ஊர்களில் பையன்களின் காலில் இருப்பதோ கால்பந்து.

இந்தக் கரை முழுவதும் அப்படித்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பொழியூர் ஒரு சின்ன மீனவ ஊர். சந்தோஷ் டிராபிக்கு அந்த ஊர் அனுப்பிய ஆட்களைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். 2018-ல் கொல்கத்தாவில் வங்கத்தையே வென்று கேரளம் கோப்பை எடுத்த அணியில் பொழியூர் சீசன் இருந்தார். ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடப்போன ஜாபி ஜஸ்டின் வெட்டுகாட்டுக்காரர். எல்லையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரம், இரவிபுத்தன்துறை. இந்தியாவின் பெரிய லீகில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அங்கிருந்து வந்தவர். கரையில் வலை காயும் மணலில், அலை பின்வாங்கும் நேரம் பார்த்து, கட்டையோ செருப்போ ஊன்றி கோல் போட்டு ஆடுகிறார்கள். வெறுங்கால். மணலில் பந்து துள்ளாது, உருளவும் மறுக்கும். அதனால் அதைத் தூக்கித் தூக்கி ஆடப் பழகுகிறார்கள். முதல் தொடுதலிலேயே பந்தை அடக்கும் அந்தத் திறமைக்கு மணல்தான் வாத்தியார். பதினைந்து, பதினாறு வயதில் அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு முழு அளவு புல்தரையும் பூட்ஸும் வாரம் நாலு ஆட்டமும். அந்த வயதில் கிடைக்காவிட்டால் பையன் படகேறிவிடுவான்.

2024-ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது தலைநகருக்கு ‘திருவனந்தபுரம் கொம்பன்ஸ்’ என்ற அணி கிடைத்தது. பிரேசிலிலிருந்து பயிற்சியாளரும் வீரர்களும் வந்தார்கள். சொந்த மைதானமாக அவர்கள் தேர்ந்தது பாளையத்தின் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். போலீஸ் அணி ஆடிய அதே தரை. சாலையில் கடை சாத்திவிட்டு இரவு ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆட்டம் முடிந்து கிழக்கேகோட்டைக்குத் திரும்ப வண்டி உண்டு. காரியவட்டத்துக்கு இரவில் போய்த் திரும்புவது கடைக்காரனுக்கும் கூலித் தொழிலாளிக்கும் தனிச் செலவு. கால்பந்து ரசிகனின் கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் தெரிந்தவர்கள் பாளையத்தைத்தான் தேர்ந்திருப்பார்கள்.

அதற்காகக் காரியவட்டத்தைக் கைகழுவிவிட வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுக் குத்தகை என்று எழுதியதற்கு முடிவு உண்டு, அது தொலைவிலும் இல்லை. அடுத்த ஒப்பந்தத்தை எழுதும் மேசையில் பல்கலைக்கழகம் வீட்டுக்காரனாக உட்கார வேண்டும். இத்தனை நாள் கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துக்கு, இத்தனை நாள் உடற்கல்விக் கல்லூரிக்கு, இத்தனை நாள் கடற்கரைப் பள்ளிகளுக்கு என்று தேதி போட்டு எழுதிவிட்டு மீதியைக் கிரிக்கெட்டுக்கும் மாநாட்டுக்கும் கொடுக்கலாம். நடுத்தரையைக் கிரிக்கெட்டுக்கு விட்டுக்கொடுப்பதே நல்லது என்று முடிவானால், வளாகத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஐயாயிரம் பேர் உட்காரும் கேலரியோடு, 105-க்கு 68 மீட்டரில், விளக்கு போட்ட ஒரு தனிக் கால்பந்து மைதானத்தை மாணவர் விடுதிகளுக்குப் பக்கத்திலேயே அமைக்கலாம். ஐம்பதாயிரம் இருக்கை கட்டிய செலவில் அது ஒரு சிறு பங்கு. பொழியூரிலிருந்தும் பூந்துறையிலிருந்தும் கிழக்கேகோட்டைக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து கழக்கூட்டம் வண்டி. மாலை நாலு மணிக்குப் பையன்கள் வந்து இறங்கும்போது அந்தக் கேட்டைத் திறந்துவிட பல்கலைக்கழகத்தின் ஆள் ஒருவர் சாவியோடு நிற்க வேண்டும்.